பதினேழு அங்குலம்

2007 மார்ச் 12 — 3,800
2008 ஆகஸ்ட் 30 — 4,100
2011 ஜனவரி 19 — 5,500
2013 ஜூன் 4 — 6,250
2016 நவம்பர் 22 — 7,000
2019 பிப்ரவரி 8 — கூலி இல்லை

என் தங்கையின் கணவர் எங்கள் தெருவில் ஆறு வீடுகளின் கீழ்த்தளத்தில், பிற்காலத்தில் கட்டப்போகும் குளியலறைக்காக முன்கூட்டியே குழாய் பதித்த நாட்களும், அதற்கு வாங்கிய கூலியும் இவை. ஆறாவது அவருடைய சொந்த வீடு. இதில் ஐந்தாவது வீட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரைத் தெரியாதவர்களுக்கு அந்த வீட்டில் நடந்தது விளங்காது.

தெருவில் அவருக்குப் பெயர் வாட்டம். சாக்கடைக் குழாயின் சரிவுக்கு பிளம்பர்கள் சொல்லும் வார்த்தை அது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அவர் கேட்பது அதைத்தான். "வாட்டம் எந்தப் பக்கம்?" பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு இரும்புக் குழாய்க்கு மரை வெட்டும் பட்டறையில் சேர்ந்தார். 1983இல் அந்த இயந்திரத்திலேயே இடது கை ஆள்காட்டி விரலின் மேல் கணுவைக் கொடுத்தார். கல்யாணப் பேச்சுக்காக முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று கை கழுவப் போனவர் இருபது நிமிடம் திரும்பவில்லை. எங்கள் அப்பா போய்ப் பார்த்தால், மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் கழுவுதொட்டியின் அடைப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார். "பையன் தேறுவான்" என்றார் அப்பா. பெண்ணைப் பார்க்காமலேயே போய்விட்டாரே என்று தங்கை இன்றுவரை குத்திக் காட்டுவாள்.

வேலையில் அவருக்கென்று இரண்டு பழக்கங்கள். குழாய் பதித்தவுடன் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஒரு கோலிக்குண்டையும் உருட்டிவிடுவார். மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். குண்டு எங்கே தயங்குகிறதோ அங்கே மறுபடி தோண்டுவார். இது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, பிற்காலத்துக்கென்று காங்கிரீட்டுக்கு அடியில் பதித்து மேலே நீட்டிவிடும் குழாயின் வாயில் கேப் போடுவார், ஆனால் பசை தடவமாட்டார். கையால் இறுக்கி அதன்மேல் சாக்குத்துணியைச் சுற்றிவிடுவார். "நாளைக்கு பாத்ரூம் கட்ட வர்றவன் அறுத்துக்கிட்டு நிக்கக் கூடாது மச்சான். தொப்பியைக் கழட்டற மாதிரி கழட்டணும். என்னைத் திட்டக் கூடாது" என்பார். முகம் தெரியாத அந்த இன்னொரு பிளம்பரிடம் அவருக்கு அவ்வளவு மரியாதை.

நான் முப்பத்தி நான்கு ஆண்டுகள் நில அளவை அலுவலகத்தில் பதிவேட்டு எழுத்தராக இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு வீட்டிலும் நோட்டுப் போட்டேன். வாட்டம் வேலை முடித்ததும் சிகரெட் அட்டையில் கிறுக்கிய அளவுகளை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார். சுவரிலிருந்து எத்தனை அங்குலம், தரைக்குக் கீழே எத்தனை அங்குலம், தெருமுனைச் சாக்கடை மூடிக்கு எவ்வளவு மேலே. காங்கிரீட் போட்ட பிறகு குழாய் எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அந்த அட்டைகளும் என் நோட்டும்தான் சாட்சி.

எங்கள் தெரு கிழக்கே உயர்ந்து மேற்கே சரிவது. சரிவின் கடைசியில் சைக்கிள் கடை. அதன் வாசலில் ஒரு சாக்கடை மூடி. மழைக்காலத்தில் பாதாளச் சாக்கடை நிரம்பினால் அந்த மூடி தூக்கிக்கொண்டு பொங்கும். சைக்கிள் கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரையே திட்டுவார். ஆனால் தெருவின் பள்ளப் பக்கத்து வீடுகளுக்கு அந்த மூடிதான் காவல். அங்கே கட்டிய வீடுகளுக்கெல்லாம் சாலைக்குக் கீழே ஓர் அறை உண்டு. அந்த அறைகளின் தரையை விட மூடி தாழ்வாக இருக்கும்வரை, எவ்வளவு நிரம்பினாலும் அழுக்குத் தண்ணீர் தெருவில் பொங்கிப் போகுமே தவிர வீட்டுக்குள் ஏறாது. வாட்டம் இந்த ஒரு கணக்கை நம்பித்தான் ஐந்து வீடுகளில் குழாய் பதித்தார். 2007இல் முதல் வீட்டுக்குத் தண்ணீர் டியூப் பிடித்து மட்டம் அளந்தபோது மூடி தரையை விடப் பதினோரு அங்குலம் தாழ்வு. அதற்குப் பிறகு வந்த வீடுகளையும் அதே தரை மட்டத்தில் கட்டினார்கள். மூடியை அவர் மறுபடி அளக்கவில்லை.

சொந்த வீடு கட்ட அறுபத்தியொரு வயது ஆனது. பின்வாசல் வழியாகப் படியே ஏறாமல் இறங்காமல் போகும்படி கீழே ஓர் அறை வேண்டும், அதை ஒட்டிக் குளியலறை வேண்டும் என்பது தங்கையின் ஒரே நிபந்தனை.

"இப்பவே கட்டுங்கன்னு சொல்லல. குழாயை மட்டும் போட்டு வையுங்க. முட்டி போனப்புறம் காங்கிரீட்டை உடைச்சுக்கிட்டு இருப்பீங்களா? ஊருக்கெல்லாம் போட்டீங்க, எனக்குன்னா மட்டும் என்ன இவ்வளவு யோசனை?"

"யோசனை இல்லம்மா. ஊருக்குப் போட்டா கூலி குடுப்பாங்க. நீ என்ன குடுப்பே?"

"சோறு போடறேன்ல, போதாதா?"

2019 பிப்ரவரி 3, ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையைத் தெருமுனை மூடியருகே நான் பிடித்துக்கொண்டேன். மறுமுனையோடு அவர் நின்றார். நாற்பதடி டியூப் என்பதால் மூன்று கட்டமாக நகர்ந்து மனைவரை போக வேண்டும்.

"மச்சான், உங்க பக்கம் தண்ணி ஆடாம நிக்குதா?"

"நிக்குது மாப்பிள்ளை."

"நீங்க ஆடாம நிக்கிறீங்களா?"

"எழுபத்தி நாலு வயசுல அதுக்கெல்லாம் உத்தரவாதம் தர முடியாது."

"உங்க தங்கச்சியை வந்து பிடிச்சுக்கச் சொல்லவா?"

மனையில் நட்டிருந்த முளையில் தரை மட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு சிவப்புக் கோடு இருந்தது. டியூப் காட்டிய இடத்தில் பென்சிலால் இன்னொரு கோடு போட்டார். பென்சில் கோடு சிவப்புக் கோட்டுக்கு மேலே விழுந்தது. டியூபில் காற்றுக்குமிழி இருக்கும் என்றார். தண்ணீரைக் கொட்டி, நிரப்பி, மறுபடி தொடங்கினோம். மூன்று முறை. மூன்று முறையும் பதினேழு அங்குலம். மூடி, தரையை விடப் பதினேழு அங்குலம் மேலே.

நான் வீட்டுக்குப் போய் நோட்டுகளை எடுத்து வந்தேன். சைக்கிள் கடை வாசலில் தண்ணீர் தேங்குகிறதென்று புகார் வரும்போதெல்லாம் நகராட்சி அலுவலகம் தெருமுனையை மேடாக்கிச் சாலை போட்டது. ஒவ்வொரு முறையும் மூடியும் உயர்ந்தது. 2010இல் ஒன்பது அங்குலம், 2014இல் ஏழு, 2018இல் பன்னிரண்டு. நான்கு படி ஏறிப் போக வேண்டிய சைக்கிள் கடைக்கு இப்போது ஒரு படிதான். இத்தனையும் தேதியோடு எழுதி வைத்திருந்தேன்.

வாட்டம் முளைக்கருகில் குந்தி உட்கார்ந்து படித்தார். "எல்லாம் கைவசம் இருந்திருக்கு" என்றார்.

இருந்தது. சாலைக்கு ஒரு நோட்டு, வீடுகளுக்கு ஒரு நோட்டு. இரண்டும் ஒரே அலமாரியில் பன்னிரண்டு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் எண்ணை இன்னொன்றோடு நான் கூட்டிப் பார்த்ததே இல்லை.

அவர் விரல்விட்டு எண்ணினார். 2011, 2013 வீடுகளுக்குக் குழாய் போட்டபோது இன்னும் இரண்டு அங்குலம் மிச்சம் இருந்தது. 2016 நவம்பரில் மூடி ஏற்கெனவே தரைக்கு மேலே ஐந்து அங்குலம் வந்துவிட்டது.

"அஞ்சாவது வீடு, போட்ட அன்னைக்கே தப்பு மச்சான்" என்றார். "நாலு வீட்டுலயும் ரோடு மாறிப்போச்சுன்னு சொல்லிக்கலாம். அதுல சொல்ல முடியாது."

தன் வீட்டுத் திட்டத்தை அன்றே மாற்றினார். கீழ்க் குளியலறையின் தண்ணீர் நேராகத் தெருவுக்குப் போகக் கூடாது. தரைக்கடியில் ஒரு தொட்டி, அதில் ஒரு மோட்டார், அங்கிருந்து கூரை உயரம்வரை ஏறி வளைந்து இறங்கும் குழாய், வழியில் திரும்பி வருவதைத் தடுக்கும் வால்வு. பிப்ரவரி 8ஆம் தேதி பதித்து முடித்தார். கோலிக்குண்டை உருட்டவில்லை. இந்த முறை கேப்புக்குப் பசை தடவினார்.

பிறகு மற்ற வீடுகளுக்குப் போனோம். பசையில்லாத கேப்பை ஏறி வரும் சாக்கடைத் தண்ணீர் தள்ளித் திறந்துவிடும். தான் செய்த தவறைச் சொல்ல வீடு வீடாகப் போன பிளம்பரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர், மறுக்காமல் கதவைத் திறந்துவிட்டார். இரண்டாவது வீட்டில் அந்தக் குழாயை அப்படியே மறந்துபோயிருந்தார்கள். நான்காவது வீட்டில் பழைய சாமான்களை அகற்றவே ஒரு நாள் ஆனது. மூன்றாவது வீட்டுக்காரர் மட்டும் வாசலிலேயே நிறுத்தினார்.

"எட்டு வருஷமா வராத தண்ணி இப்ப வந்துருமா? வேலை வெட்டி கம்மியா போச்சா வாட்டம்?"

"கம்மிதான் சார். அதான் சும்மா செஞ்சு தர்றேங்கிறேன்."

உள்ளேயிருந்து அந்த வீட்டம்மாள், "அவர்தான் காசு வேணாங்கிறாரே, உங்களுக்கு என்ன நோகுது?" என்றாள். வழி கிடைத்தது. மார்ச் 20க்குள் நான்கு வீடுகளிலும் கேப்பைப் பசை வைத்து ஒட்டி, இரும்புப் பட்டை கட்டி, மேலே காங்கிரீட் போட்டு மூடிவிட்டார்.

ஐந்தாவது வீட்டின் பின்பக்கம் முழுக்க அடுத்த கட்டிடத்தின் மதில். தெருவிலிருந்து ஒன்பது படி இறங்கித்தான் கீழறைக்குப் போக முடியும். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தார். மாடி ஒருவருக்கும் கீழறை ஒருவருக்கும் வாடகை. வாட்டம் நீட்டிவிட்ட குழாயை வைத்து யாரோ ஒருவர் அங்கே குளியலறையைக் கட்டி முடித்திருந்தார். கீழே இருந்தது ஒரு தையல்காரம்மா, பத்தும் ஆறும் வயதான இரண்டு பெண் குழந்தைகளோடு. ஒரு தையல் இயந்திரம், சுவரோரம் துணிமூட்டைகள், தரையில் சுருட்டி வைத்த பாய். ஜன்னல் கூரைக்கடியில், கம்பி போட்டது.

வாட்டம் விஷயத்தைச் சொன்னதும் அவள் பயப்படவில்லை, வியக்கவுமில்லை. "அது பேசுங்க" என்றாள்.

"எது?"

"பாத்ரூம் ஓட்டை. காலையில எல்லா வீட்டுலயும் தண்ணி ஊத்துவாங்கல்ல, அப்ப பேசும். வந்து பாருங்க."

அப்போது மணி ஏழே முக்கால். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையின் சல்லடைக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீர் மெல்ல நடுங்கியது. ஒரு குமிழி வந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. என் கைக்கடிகாரப்படி ஒரு நிமிடத்துக்குப் பதினொன்று. மாடியில் யாரோ தண்ணீர் திறந்ததும் அது குளுக்கென்று ஒரு முறை உள்வாங்கி, முன்னிருந்ததை விட ஒரு விரல் மேலே வந்து நின்றது. மாடியில் தண்ணீரை நிறுத்திய பிறகும் அது இறங்கவில்லை. ஆறு வயதுக் குழந்தை எங்களுக்கு நடுவே தலையை நீட்டி, "இன்னைக்குக் கம்மியாத்தான் பேசுது" என்றது.

"தெரு மேட்டுல புதுசா எண்பது வீடு கட்டறாங்களே, அதையும் இதே குழாயிலதான் சேர்க்கப்போறாங்க" என்று வாட்டம் என்னிடம் மட்டும் சொன்னார். வெளியே வரும்போது கதவை இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். கதவு உள்பக்கமாகத் திறப்பது. "உள்ள முழங்கால் அளவு தண்ணி நின்னா, இதை இழுத்துத் திறக்க ஒரு பொம்பளையால முடியாது மச்சான். நானும் நீங்களும் சேர்ந்தாலும் முடியாது."

அந்த வீட்டில் கை வைக்க வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். ஏப்ரல் 11, ஜூன் 2, ஜூலை 23 ஆகிய தேதிகளில் மூன்று கடிதங்கள் எழுதினேன். வாட்டம் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. அடியில் அவர் கையெழுத்து. இதற்கு முன்பே மார்ச் 4ஆம் தேதி அலுவலகத்துக்கும் ஒரு மனு போட்டிருந்தோம். அதில் மூடியின் உயரமும் மூன்று முறை சாலை போட்ட தேதிகளும் இருந்தன. எதற்கும் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு வீட்டுக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். வாட்டம் எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"குழாயைப் போட்டது யாரு? நீங்கதானே?"

"நான்தான் சார்."

"அப்ப சரியா இருந்தது, இப்ப தப்பாயிடுச்சா?"

"அப்பவே தப்பு சார். என் தப்புதான். வால்வு ஒண்ணு வெச்சுத் தர்றேன். ரெண்டு நாள் வேலை. கதவையும் வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்திடறேன்."

"எவ்வளவு ஆகும்?"

"காசு வேணாம் சார்."

"காசு கேட்டு வர்றவனை எனக்குப் புரியும். வேணாம்னு வர்றவனைத்தான் நான் நம்பமாட்டேன். அந்த வீட்டை யாரு வாங்கக் கேட்டாங்க உங்ககிட்ட? தண்ணி வரும்னு புரளியைக் கிளப்பி விலையை இறக்கப் பாக்கறீங்களா?" தொடர்பு துண்டிக்கப்பட்டது.

ஆகஸ்ட்டில் தங்கையும் வாட்டமும் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். கீழ் அறையின் ஓரத்தில் மூன்று குழாய்கள் கேப் போட்டு நின்றன. எதிர்காலக் குளியலறை இதுதான் என்று தங்கை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். வாட்டம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் மரக்கட்டையில் லாரி டியூப் ரப்பரைச் சுற்றி, நடுவில் திருகாணி வைத்து ஓர் அடைப்பான் செய்துகொண்டிருந்தார். திருகினால் ரப்பர் பிதுங்கிக் குழாயை இறுக்கிப் பிடிக்கும். செய்து முடித்த நாளிலிருந்து அதைத் தோளில் மாட்டும் பையிலேயே வைத்திருந்தார்.

செப்டம்பர் 21, சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு வானம் இருண்டது. மூன்று இருபதுக்கு மழை விழத் தொடங்கியபோது எனக்கு அவரிடமிருந்து அழைப்பு.

"மச்சான், தெருமுனைக்குப் போங்க. குச்சியை எடுத்துக்குங்க. குடையை மறந்துராதீங்க, அப்புறம் உங்க தங்கச்சி என்னை உயிரோட விடமாட்டா."

மூடியில் ஒரு துவாரம் உண்டு. அங்குலம் குறித்த குச்சியை அதில் விட்டு, தண்ணீர் மூடிக்கு எவ்வளவு கீழே நிற்கிறதென்று பார்ப்பது என் வேலை. ஐந்தாவது வீட்டின் தரை மூடிக்குப் பதினேழு அங்குலம் கீழே. அந்த எண்ணைத் தாண்டினால் தண்ணீர் அந்த அறைக்குள் நுழைகிறது என்று பொருள்.

3.40 — இருபத்தாறு.
4.05 — பத்தொன்பது.
4.12 — பதினேழு.
4.20 — பன்னிரண்டு.

பன்னிரண்டில் நின்றது. சைக்கிள் கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பாத்தீங்களா, ஒரு சொட்டு வெளிய வரல. ரோடை ஒசத்தினதுக்கப்புறம் நமக்கு ஒரு தொல்லை உண்டா?" என்றார். தெரு சுத்தமாக இருந்தது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் தண்ணீர் பதினேழுக்குக் கீழே இறங்கியது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்தாவது வீட்டு வாசலில் ஒருவர் இடுப்பில் துண்டோடு, முகத்திலும் தலையிலும் காய்ந்த சோப்போடு நின்று கத்திக்கொண்டிருந்தார். மாடியில் குடியிருப்பவர். வாட்டம், சுவருக்கு வெளியே, வீட்டுச் சாக்கடைக் குழாய்கள் வந்து சேரும் சேம்பர் தொட்டியைத் திறந்து, தெருவுக்குப் போகும் குழாயில் அடைப்பானை இறுக்கியிருந்தார். தெருத் தண்ணீர் இனி உள்ளே வராது. ஆனால் மாடியில் ஊற்றும் தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் கீழறையில் போய்த்தான் நிற்கும். அதனால் மாடி ஏறி, மேல் தொட்டியின் வால்வையும் மூடிவிட்டார். மாடிக்காரர் அப்போதுதான் சோப்புப் போட்டிருந்தார்.

"ஒரு மணி நேரமா கண்ணைத் திறக்க முடியல! யாருய்யா நீ? யாரைக் கேட்டு மூடினே?"

"அஞ்சு நிமிஷம் சார். மழையில வந்து நில்லுங்க, நல்ல தண்ணிதான்."

"நக்கலா?"

"இல்ல சார். நிஜமாத்தான் சொல்றேன்."

வாட்டம் முழங்கைவரை கருப்புச் சேறாக, சேம்பர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து காதில் எண்ணைச் சொன்னேன். தரைக்கு மேலே ஐந்து அங்குலம், ஐம்பத்து மூன்று நிமிடம். அவர் தலையை ஆட்டினார். படிக்கட்டின் அடியில் தையல்காரம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்தபடி மேலே பார்த்து நின்றாள். அறைத் தரை காய்ந்து கிடந்தது.

மாடிக்காரர் எல்லாவற்றையும் தொலைபேசியில் படம் பிடித்திருந்தார். செப்டம்பர் 23ஆம் தேதி வீட்டுக்காரர் நேரிலேயே வந்து அலுவலகத்தில் புகார் கொடுத்தார். மறுநாள் இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கீழறைச் சுவர்களை டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தண்ணீர் ஏறினால் சுவரில் ஒரு கோடு இருக்கும், கோடு இல்லை. நான் நோட்டைக் கொடுத்தேன். பெரிய அதிகாரி மரியாதையாகத்தான் வாங்கிப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க ஐயா. ஆனா இது உங்க நோட்டு. எங்க பதிவேட்டுல இப்படி எதுவும் இல்லையே."

"அடைப்பான் வெச்சதாலதான் தண்ணி ஏறல" என்றார் வாட்டம்.

"ஏறலங்கறதைத்தானே நாங்களும் எழுதிக்கிட்டோம்" என்றார் சின்ன அதிகாரி.

அன்று மாலை தங்கை அந்த ஒன்பது படிகளையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். "எங்க வீட்டுல மேல ரூம் சும்மாதான் கிடக்கு. மெஷினைத் தூக்கிக்கிட்டு வா. வாடகை உன்னால முடிஞ்சதைக் குடு. நீ பாட்டுக்குத் தைச்சுக்கிட்டு இரு" என்றாள். தையல்காரம்மா செப்டம்பர் 26ஆம் தேதி மூட்டைகளோடு தங்கை வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். ஆறு வயதுக் குழந்தை புதுக் குளியலறையின் ஓட்டையருகே வெகுநேரம் குந்தியிருந்து, இது பேசவே மாட்டேன் என்கிறது என்று தாயிடம் புகார் சொன்னது. வாட்டம் அன்றைக்குச் சிரித்ததைப் பார்த்தேன். பிப்ரவரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அக்டோபர் 3ஆம் தேதி ஐந்தாவது வீட்டில் 'கீழறை வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. அக்டோபர் 7ஆம் தேதி வாட்டத்தின் பிளம்பர் உரிமத்தை நிறுத்தி வைத்து அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்தத் தெருவில் எந்தச் சேம்பரையும் அவர் தொடக் கூடாது, தொட்டால் காவல் துறையில் ஒப்படைக்கப்படுவார் என்று அதில் இருந்தது. நாற்பத்தேழு ஆண்டு வேலை. உத்தரவை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். "பேரைத் தப்பில்லாம போட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபர் 9ஆம் தேதி பலகை இல்லை. காலை பத்து மணிக்கு ஒரு சிறிய வண்டியில் சாமான்கள் வந்தன. கட்டில், பாத்திரங்கள், ஒரு பெரிய மருந்துப் பெட்டி. கடைசியாக, நடக்க முடியாத ஒரு பெரியவரை நாற்காலியோடு தூக்கி, இரண்டு பேர் ஒன்பது படிகளிலும் நிறுத்தி நிறுத்தி இறக்கினார்கள். அவர் மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவார்கள் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். பகலெல்லாம் பெரியவர் தனியாக.

வாட்டம் என்னையும் அழைத்துக்கொண்டு அன்று மாலை போனார். மகன் படியிலேயே வழிமறித்து நின்றார்.

"நீங்கதான் வாட்டமா?"

"ஆமாம் தம்பி. ஒரே ஒரு விஷயம்..."

"வருவீங்கன்னு வீட்டுக்காரர் சொன்னார். பேச்சுக் கொடுக்க வேணாம்னும் சொன்னார். வாடகை பாதி போட்டுத் தந்திருக்கார் ஐயா, கெடுத்துடாதீங்க."

"கதவை மட்டுமாவது வெளிப்பக்கம் திறக்கற மாதிரி மாத்திக்குங்க. அதுக்கு பிளம்பர் வேணாம், தச்சர் போதும்."

"அப்பா தூங்கறார். சத்தம் வேணாம்" என்று அவர் கதவைச் சாத்தினார். இன்னும் அது உள்பக்கமாகத் திறக்கும் கதவுதான்.

அதற்குப் பிறகு வாட்டம் தினமும் காலையும் மாலையும் சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்தார். மூடியைத் தொடக் கூடாது என்பதால் குச்சியை நான்தான் விட்டேன். மழை இல்லாத நாட்களிலேயே தண்ணீர் முன்பை விட மேலே நின்றது. மேலேயுள்ள எண்பது வீடுகளில் முதல் இருபதுக்கு ஆள் வந்துவிட்டார்கள். அக்டோபர் 14 — இருபத்து நான்கு. அக்டோபர் 15 — இருபத்து மூன்றரை. அக்டோபர் 16 — இருபத்து மூன்று. வடக்கே மழை பெய்வதாகச் செய்தியில் சொன்னார்கள்.

அலுவலகத்திலிருந்து கடைசியாக வந்த கடிதம் என் பெயருக்கு இருந்தது. எங்கள் மார்ச் 4ஆம் தேதி மனுவுக்கான பதில் அது. தெருமுனைச் சாக்கடை மூடி குறித்துத் தாங்கள் அளித்த புள்ளிவிவரங்கள் பரிசீலிக்கப்பட்டன, நன்றி என்று தொடங்கியது. செப்டம்பர் 21ஆம் தேதி மழையில் கழிவுநீர் மூடிக்குக் கீழே பன்னிரண்டு அங்குலம்வரை வந்ததாகத் தாங்கள் நேரில் காட்டிய குறிப்பும் கவனத்தில் கொள்ளப்பட்டது. எதிர்காலத்தில் தெருவில் பொங்காதிருக்கும்பொருட்டு, மூடியை மேலும் ஒன்பது அங்குலம் உயர்த்த உத்தரவிடப்பட்டுள்ளது. பணி திங்கட்கிழமை தொடங்கும்.

நான் அதை வாட்டத்திடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். அவர் பதினேழையும் ஒன்பதையும் கூட்டினார். இனி தெருவில் பொங்குவதற்குள் அந்தக் கீழறையில் இருபத்தாறு அங்குலம் நிற்கும். பிறகு அடைப்பான் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி ஐந்தாவது வீட்டுப் பக்கம் நடந்தார். முதல் தூறல் அப்போதுதான் விழத் தொடங்கியது.

கடிதம் வந்த நாள் 2019 அக்டோபர் 17, வியாழக்கிழமை.